ஏழாவது புள்ளி

மீட்டருக்கு உட்காரத் தெரியாது. நாற்காலி கொடுத்தால் அதன் விளிம்பில் தொற்றிக்கொள்வார். பாதி உடம்பு எப்போதும் கிளம்பிக்கொண்டே இருக்கும். வீட்டில் குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள் சமையலறை வாசலில் வந்து நின்று, மூடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். சுவர்க் கடிகாரத்தைக்கூட விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் மணி பார்ப்பார். பாய்லரின் அழுத்தம் காட்டும் கேஜைத் தட்டித் தட்டி வந்த பழக்கம் அது. முள் எங்காவது சிக்கிக்கொண்டு பொய் சொல்கிறதா என்று பார்ப்பதற்கான தட்டு. வேலையிடத்தில் அவருக்கு மீட்டர் என்று பெயர் வந்தது இதனால்தான். வீட்டில் மனைவியும் மகளும்கூட அவர் காதுபடவே அப்படிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒரு பெரிய சலவை ஆலையில் இருபத்தொன்பது வருடம் பாய்லர் ஓட்டினார். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள், ஓட்டல் துண்டுகள், அறுவை அறையின் பச்சைத் துணிகள் எல்லாம் வண்டி வண்டியாக வந்து இறங்கும். துவைக்க, உலர்த்த, தேய்க்க, எல்லாவற்றுக்கும் ஆவி வேண்டும். ஆவி நின்றால் ஆலை நின்றது. பாய்லர் இருந்தது பின்கட்டில், தனிக் கட்டடத்தில். கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அறையும். உள்ளே பேசுவதென்றால் கத்த வேண்டும். அவர் கத்தமாட்டார், விரலைக் காட்டுவார்.

பாய்லருக்கு எதிரி நெருப்பு இல்லை, தண்ணீர்தான் என்பார். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அதில் கரைந்திருந்த உப்பு போகாது. அது அங்கேயே தங்கும், கெட்டியாகும், குழாயின் உட்பக்கம் சுண்ணாம்பாகப் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு முறை அடி வால்வைத் திறந்து, பத்து எண்ணும் வரை சேற்றை வெளியே பீறிட விட வேண்டும். ஒரு நாள் விட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது. மறுநாள் விட்டாலும் ஆகாது. ஒரு மாதம் விட்டாலும் கேஜில் ஒன்றும் தெரியாது.

"இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்குத் துடைக்கிறவன் பாய்லர்காரன் இல்ல," என்பார் எல்லோரிடமும். "விருந்தாளி வர்றாங்கன்னு வீட்டைக் கூட்டுறவன்."

இப்படிப் பேசிய மனிதர் தன் உடம்பின் விஷயத்தில் ஆறு வருடம் விருந்தாளிக்காக வீடு கூட்டிக்கொண்டிருந்தார்.

ஆலையில் வருடத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை உண்டு. அதில் தேறினால்தான் பாய்லர் ஓட்டும் சான்றிதழைப் புதுப்பிப்பார்கள். வெறும் வயிற்றில் ஒரு துளி ரத்தம், கண், ரத்த அழுத்தம், அவ்வளவுதான். ஒரு வருடம் சர்க்கரை நூற்றுத் தொண்ணூறு காட்டியது. ஆலை நர்ஸ் டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கிக் கொடுத்து, அடுத்த முறை நூற்றைம்பதைத் தாண்டினால் மடிப்புப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள் என்று சொன்னாள். மடிப்புப் பிரிவு என்றால் நீள மேசை, நீள பெஞ்ச். எட்டு மணி நேரம் உட்கார்ந்து துண்டு மடிக்க வேண்டும்.

மாத்திரையை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். மூன்றாம் நாள் பாய்லர் முன்னால் நிற்கும்போது கை நடுங்கி, கண் இருண்டு, வியர்த்துக் கொட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டு கிலோ அழுத்தத்தில் ஆவி இருக்கிற இடத்தில் பாய்லர்காரனுக்குத் தலை சுற்றக்கூடாது. அன்றிலிருந்து வேலை நாட்களில் மாத்திரையை நிறுத்தினார். நர்ஸிடம் சொல்லியிருந்தால் மாத்திரையை மாற்றியிருப்பார்கள், அளவைக் குறைத்திருப்பார்கள். தலை சுற்றியது என்று சொல்லும் ஆளிடம் பாய்லரைக் கொடுப்பார்களா என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் மனைவி சர்க்கரையில்லாத டீதான் கொடுப்பாள். கேன்டீனில் நாலு ஸ்பூன் போட்டு இரண்டு டம்ளர் குடிப்பார். மனைவிக்கு வாசனை பிடிக்கத் தெரியும்.

"உங்க வாய்க்கு ஒரு வால்வு வெச்சிருந்தா தேவலை," என்பாள்.

"வெச்சா நீதான் திறந்து திறந்து பாப்பே," என்பார்.

பரிசோதனைக்குப் பத்து நாள் முன்பு எல்லாம் மாறும். இனிப்பு நிற்கும். காலையும் மாலையும் ஓட்டமும் நடையுமாகச் சுற்றுவார். அந்தப் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மாத்திரையைத் தவறாமல் போடுவார். கடைசி இரண்டு நாள் கிட்டத்தட்டப் பட்டினி. முடிவு வந்த அன்று மாலை கேன்டீனில் மூன்று டம்ளர்.

நூற்று இருபத்து நான்கு. அடுத்த வருடம் இருபத்தெட்டு. பிறகு இருபத்தொன்று, இருபத்தாறு, இருபத்து மூன்று, இருபத்தைந்து.

இந்த எண்களை மகள் கட்டத்தாளில் புள்ளியாக வைத்து, கோடு இழுத்து, குளிர்பெட்டிக் கதவின் மேல்முனையில் ஒட்டியிருந்தாள். அவள் ஓர் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்ப்பவள். சர்க்கரை கூடிய ரத்தம் சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது, செல் அதை எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் அவள் வேலை. மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனையும் எடுக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டாள். எடுத்தாயிற்று, நல்லாதான் இருக்காம் என்றார். நம்பினாள். அளவு காட்டும் எதைப் பற்றியும் அப்பா பொய் சொல்லி அவள் கேட்டதில்லை.

ஆறு வருடம், ஆறு புள்ளி, மொத்த ஏற்ற இறக்கம் ஏழு. உயிருள்ள எதுவும் அவ்வளவு நேராகப் போகாது. அவள் செல் வளர்க்கும் தட்டுகளில் இப்படி ஒரு கோடு வந்திருந்தால் முதலில் சந்தேகப்பட்டிருப்பாள். அப்பாவின் கோட்டைக் காந்தத்தால் ஒட்டி வைத்தாள்.

ஏழாவது பரிசோதனைக்குப் பதினொரு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆறு வாரக் கணக்கு எடுக்க ஆய்வுக்கூடம் போயிருந்த மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். சாப்பிட உட்காரவில்லை. அப்பாவைப் போலவே சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள்.

"வீட்டுல ஒரு மீட்டர் போதும்மா," என்றாள் அம்மா. "உக்காரு."

"ஆறு வாரம் போச்சும்மா. மொத்தமா போச்சு."

அப்பா நாற்காலி விளிம்பில் இருந்தார். "என்ன போச்சு? முதல்லருந்து சொல்லு."

சொன்னாள். சிறுநீரகத்தின் வடிகட்டிமேல் கால் பரப்பி உட்கார்ந்திருக்கும் செல்களைத் தட்டுகளில் வளர்க்கிறாள். ஒன்றின் விரல்களுக்குள் இன்னொன்றின் விரல்கள் கோத்துக்கொண்டிருக்கும். அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் வடியும், புரதம் உள்ளேயே நிற்கும்.

"அது செத்துப்போனா?"

"புதுசு முளைக்கிறது அபூர்வம்ப்பா. பக்கத்துல இருக்கிறது காலை அகட்டி ஓட்டையை மூடப் பாக்கும்."

"ஷிப்டுக்கு ஆள் வரலைன்னா இருக்கிறவன் ரெண்டு மெஷினைப் பாக்கிற மாதிரி."

"அதேதான். அவனும் எத்தனை நாள் பாப்பான்?"

சர்க்கரை அதிகம் எரிந்தால் செல்லுக்குள் புகைபோலக் கழிவு சேரும் என்றாள். செல் சும்மா இருக்காது. ஒரு காவல்காரப் புரதம் உண்டு. சாதாரண நாளில் அதைக் கட்டிப் போட்டிருக்கும். கழிவு ஏறினால் கட்டு அவிழும். அது செல்லின் நடுவுக்குப் போய், கழிவைச் சுத்தம் செய்யும் பொருள்களை உடனே செய்யச் சொல்லி உத்தரவு போடும். இன்னொரு ஏற்பாடும் உண்டு. உள்ளே உடைந்துபோன பாகங்களைச் செல்லே ஒரு பையில் சுருட்டிக் கரைத்து, உருப்படியானதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

"எப்ப செய்யும்? ரொம்பச் சேர்ந்தாத்தானா?"

"தினமும்ப்பா. நிக்காம செஞ்சுக்கிட்டே இருக்கும்."

"அடி வால்வு," என்றார். முகம் மலர்ந்தது. "படிக்காத செல்லுக்குத் தெரியுது. எங்க ஆலையில பஞ்சுப் பயலுக்குத் தெரியல."

பஞ்சு என்பது அடுத்த ஷிப்டில் பாய்லர் ஓட்டுபவன். காதில் எப்போதும் பஞ்சு வைத்திருப்பான்.

"ஆனா ரொம்ப நாள் இனிப்புலயே கிடந்தா அந்த வேலை மந்தமாயிடும். அதைத்தான் பாத்துட்டிருந்தேன். ஒரு வரிசை செல்லுக்கு வேண்டிய சத்து கலந்த சாதாரண தண்ணி. ஒரு வரிசை எப்பவும் சர்க்கரை அதிகம். ஒரு வரிசையில செல்லுக்குள்ள போகாத சர்க்கரை."

"அது எதுக்கு?"

"கெடுக்கிறது சர்க்கரையா, தண்ணி கெட்டியானதான்னு தெரியணுமே."

"கேஜ் சரியான்னு பாக்க இன்னொரு கேஜ்," என்று தலையாட்டினார். "சரி, என்ன போச்சு?"

சனிக்கிழமைகளில் மகளுக்கு விடுப்பு. தட்டுகளுக்குத் தண்ணீர் மாற்றுவது கூட வேலை செய்பவர். அவர் ஆறு வாரமும், சர்க்கரை வரிசையில் ஒரு பாதிக்கு, சனிக்கிழமை தோறும் சாதாரண தண்ணீரை ஊற்றியிருக்கிறார். அந்தப் பாட்டில்தான் ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியில் முன்னால் இருந்ததாம். திங்கட்கிழமை மகள் வந்து மறுபடி இனிப்பு ஊற்றுவாள்.

"வாரம் ரெண்டு நாள் நல்ல தண்ணிதானே கிடைச்சுது?" என்றார் அப்பா. "அது கொஞ்சம் தேறியிருக்குமே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். தூக்கிப் போடறதுக்கு முன்னாடி எண்ணிப் பாத்தேன். அதுலதான் நிறைய செத்திருக்கு."

"எப்பவும் இனிப்புல கிடந்ததை விடவா?"

"அதை விட."

அப்பா எழுந்தார். கடிகாரத்தைத் தட்டினார். திரும்பி வந்தார்.

"ஏன்?"

"தெரியலப்பா. தட்டுல நடக்கிறது உடம்புல அப்படியே நடக்கணும்னும் இல்ல. ஒருவேளை காவலை ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கியே செல் களைச்சுப் போகுதோ என்னமோ. சும்மா ஒரு யூகம்."

"ரெண்டு நாள் நல்லா இருந்தா, அஞ்சு நாள் கெட்டது கழியாதா?"

"அப்பா, நீங்க ஆய்வுக்கூடத்துக்கே வேலைக்கு வந்துடலாம்." அன்று முதல் முறையாகச் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "அந்த வடிகட்டி ஓட்டையாயிடுச்சுன்னு வெளியிலருந்து எப்படித் தெரியும்? பிரிச்சா பாப்பாங்க?"

"சிறுநீர்ல புரதம் வரும். சோதிச்சா உடனே தெரியும். சில பேருக்கு நுரையா போகும்."

"நுரை," என்றார்.

அப்பாவுக்குத் தன் வேலையில் இவ்வளவு ஆர்வமா என்று மகளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு சாப்பிட உட்கார்ந்தாள். அவர் யாருக்காகக் கேட்டார் என்று அவளுக்கு உறைக்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேலாக அவருக்கு நுரை போய்க்கொண்டிருந்தது. மனைவி கழிவறை கழுவப் புதுத் திரவம் வாங்கியிருக்கிறாள் என்று நினைத்திருந்தார். பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் நுரை கண்டால் ஓடியிருப்பார். உள்ளே உப்பு அளவுக்கு மீறிவிட்டது, ஆவியோடு தண்ணீரும் தப்பிப் போகிறது என்று அர்த்தம்; உடனே அடி வால்வைத் திறப்பார். இருபத்தொன்பது வருடம் நுரையைப் படித்த கண், தினமும் காலையில் குனிந்து பார்த்துவிட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு வந்தது. சாயங்காலம் காலுறையைக் கழற்றும்போது கணுக்காலில் மோதிரம்போல் பள்ளம் விழுந்ததையும் வெயிலின்மேல் போட்டுவிட்டது.

திங்கட்கிழமை பத்து நாள் கணக்கு ஆரம்பிக்க வேண்டும். விடுப்புச் சீட்டு சட்டைப் பையில் இருந்தது. கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் கொடுக்கவில்லை. கேன்டீனில் டீயை வாங்கி, ஒரு வாய் குடித்து, வைத்துவிட்டு, மறுபடி எடுத்து, பிறகு தொட்டியில் கொட்டினார். வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். பல் துலக்கும்போது நடந்தார். மனைவி துணி உலர்த்திய கொடிக்குக் கீழே குனிந்து குனிந்து நடந்தார்.

"செருப்புத் தேயுது," என்றாள் அவள். "என்னதான் ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் நடக்கணும்?"

அந்த வாரமே பாய்லர் இன்ஸ்பெக்டரும் வருவதாக இருந்தது. புதன்கிழமை ஷிப்ட் மாறும் நேரத்தில் உள்ளே போனவருக்கு அமில வாடை அடித்தது. பஞ்சு தன் ஷிப்டில் பாதி நாள் அடி வால்வைத் திறக்காமலே பதிவேட்டில் திறந்ததாக எழுதி வந்திருக்கிறான். இப்போது பயந்துபோய், பாய்லரை அணைத்து, அமிலம் ஊற்றி ஒரே நாளில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தான்.

மீட்டர் அன்று கத்தினார். "பத்து மாசம் படிஞ்சதைப் பத்து மணி நேரத்துல எடுத்துடுவியா? சுண்ணாம்போட சேத்துக் குழாயையும் அரிச்சுடும்டா. பதிவேட்டுல பொய் எழுத உனக்குக் கை கூசல?"

பஞ்சு ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தான். "அண்ணே, சும்மா இருக்கேன்னு பேசாதீங்க. வருஷா வருஷம் டெஸ்ட்டுக்கு முன்னாடி பத்து நாள் நீங்க காணாம போறது எனக்குத் தெரியாதா? திரும்பி வந்த அன்னைக்குக் கேன்டீன்ல மூணு டம்ளர் உள்ள போறதும் தெரியும். நான் பாய்லருக்கு அமிலம் ஊத்துறேன். நீங்க உங்களுக்கு ஊத்திக்கிறீங்க. ரெண்டு பேர் பதிவேட்டுலயும் ஒரே கையெழுத்துதான்."

மீட்டர் பாய்லர் பக்கம் திரும்பினார். அணைந்த பாய்லரின் கேஜ் சுழியத்தில் நின்றது. இரண்டு தட்டுத் தட்டினார். முள் அசையவில்லை. வெளியே வந்து சட்டைப் பையிலிருந்த விடுப்புச் சீட்டைக் கிழித்தார்.

மீதி எட்டு நாளும் எப்போதும்போல் வேலைக்குப் போனார். எப்போதும்போல் சாப்பிட்டார். இனிப்பைக் கூட்டவுமில்லை, பட்டினி கிடக்கவுமில்லை. மாத்திரை போடவில்லை. அந்த எட்டு நாளும் அவர் சரியாகத் தூங்கவில்லை என்பதை மனைவி பிறகு சொன்னாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை நர்ஸ் விரலில் குத்தினாள். கருவியைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"இன்னொரு தடவை எடுக்கலாம் அண்ணே. மெஷின்ல ஏதோ கோளாறு. உங்களுக்கு எப்பவும் நூத்திருபது சொச்சம்தானே."

அவர் கருவியைக் கையில் வாங்கி விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"சரியாத்தான் காட்டுது. எழுதிக்கங்க."

இருநூற்று அறுபத்து நான்கு.

"சிறுநீரையும் பாத்துடுங்க," என்றார்.

"அது நம்ம பட்டியல்ல இல்லையே அண்ணே."

"எனக்காகப் பாருங்க."

சோதிக்கும் குச்சியின் மஞ்சள் கட்டம் பச்சையாகி, அடர்பச்சையில் போய் நின்றது. நர்ஸ் உட்காரச் சொன்னாள். அவர் நின்றுகொண்டே கேட்டுக்கொண்டார்.

மகள் சாயங்காலம் வந்தபோது அப்பா ஸ்டூலின்மேல் நின்றிருந்தார். குளிர்பெட்டிக் கதவிலிருந்த கட்டத்தாள் நூற்றறுபதோடு முடிந்திருந்தது. அதற்கு மேலே இரண்டு தாளை ஒட்டி, அளவுகோல் வைத்துக் கோடு நீட்டியிருந்தார். கதவு முடிந்து, குளிர்பெட்டியும் முடிந்து, தாள் சுவருக்குப் போயிருந்தது. அங்கே ஒரு சிவப்புப் புள்ளி.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பக்கவாட்டில் எழுதியிருந்த தேதியைப் படித்ததும் புரிந்தது.

"எத்தனை வருஷமா?"

"ஆறு."

"ஆறும் பொய்யா?"

"எண்ணு பொய்யில்லம்மா. அந்தந்த நாளுக்கு அது சரிதான்."

"மூணு மாசச் சோதனை?"

"எடுக்கல."

அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் விழுந்துவிடக் கூடாதென்று பிடித்தாளா, தான் விழாமலிருக்கப் பிடித்தாளா என்று தெரியாது.

"நான் இதையே படிச்சவ. இதே வீட்டுல இருக்கேன். என்கிட்ட ஏம்பா சொல்லல?"

அவர் இறங்கவில்லை. புள்ளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொல்லணும்னுதான் இருந்தேன் கண்ணு. நீ கோடு போட்டு வெச்சிருந்தியே. அவ்வளவு நேரா போயிட்டிருந்துச்சு. வர்றவங்ககிட்டல்லாம் காட்டுவே. கெடுக்க மனசு வரல."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். தாளை நிமிர்ந்து பார்த்தாள். "முதல்ல கீழ இறங்குங்க," என்றாள். "கணக்கை அப்புறம் பாக்கலாம்."

சான்றிதழ் போயிற்று. மடிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே துண்டு மடித்தார், யாரும் கேட்கவில்லை. மாத்திரையை மாற்றினார்கள். தலை சுற்றவில்லை. அந்த மாத்திரை ஆறு வருடத்துக்கு முன்பே இருந்தது. டீயில் சர்க்கரை நின்றது. முதல் இரண்டு வருடம் நுரை குறைந்ததுபோல இருந்தது. காலை அகட்டி ஓட்டையை மூடிக்கொண்டிருந்த மிச்ச செல்கள் தாக்குப்பிடித்தன. பிறகு முடியவில்லை. வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு நாலு மணி நேரம் படுக்க வேண்டியிருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் ஓர் இடத்தில் அசையாமல் இருந்தார். அப்போதும் வலது கை சும்மா இருக்காது. இயந்திரத்தின் அழுத்தம் காட்டும் திரையைத் தட்டுவார். அங்கிருந்த நர்ஸ் திட்டுவாள்.

"மேல ஏறுது பாருங்கம்மா, குழாய் எங்கயோ மடங்கியிருக்கு," என்பார்.

மடங்கித்தான் இருக்கும்.

மகள் சனிக்கிழமை விடுப்பை விட்டுவிட்டாள். தட்டுகளுக்கு அவளே தண்ணீர் மாற்றுகிறாள். கெட்டுப்போன அந்த வரிசையை இப்போது வேண்டுமென்றே வளர்க்கிறாள்: ஐந்து நாள் இனிப்பு, இரண்டு நாள் சாதாரணம். ஏன் அதில் அதிகம் சாகின்றன என்று இன்னும் அவளுக்குத் தெரியாது.

ஏழாவது புள்ளிக்குப் பிறகு அப்பா வாரம் ஒரு புள்ளி வைத்தார். சிவப்புப் பேனா, தேதி, கேட்காமலே சிறுநீர் முடிவும். எதையும் சரிக்கட்டவில்லை. கோடு ஏறும், இறங்கும், பல்லிளிக்கும். குளிர்பெட்டிக்கு மேலே தொடங்கிய தாள்கள் சமையலறைச் சுவரோடு வலப்பக்கம் நகர்ந்து, ஜன்னலுக்கு மேலாகப் போய், வாசற்படி வரை வந்தன. நாலு வருடம், இருநூற்று மூன்று புள்ளிகள். இருநூற்று நான்காவதை வைக்க அவர் இல்லை.

கடைசித் தாள் நிறைவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே அடுத்த தாளைக் கட்டம் போட்டு, எண் எழுதி, நாலு மூலையிலும் பசை தடவி ஒட்டி வைத்திருந்தார். அதில் ஒன்றுமில்லை. அம்மா அதைக் கழற்ற விடமாட்டேன் என்கிறாள். மகள் வாசற்படியைத் தாண்டும்போதெல்லாம் அதை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறாள்.